மியாலியின் அம்மா பாவித்த கத்தி

மகன், இந்தக் கடிதத்தை வாசித்து முடிக்கும்வரை விமான ரிக்கற் போடாதே. இந்தக் கிழமைக்குள் போட்டுவிடுவேன் என்று ஞாயிற்றுக்கிழமை சொன்னாய். உயிர்த்த ஞாயிறு கழிந்து வருகிற இரண்டாம் சனிக்கிழமை உங்கள் கலியாணத்துக்குக் கோயிலும் கேட்டாயிற்று, சுவாமியும் ஓம் என்றுவிட்டார். ஆனால் அதற்கு முன் மியாலிக்கு ஒரு விஷயம் தெரிய வேண்டும். தெரிந்தபின் வருவதா வேண்டாமா என்பதை அவள் முடிவு செய்யட்டும். இதைத் தொலைபேசியில் சொல்ல மூன்று தடவை முயன்றேன். மூன்று தடவையும் உங்கள் ஊரில் எவ்வளவு குளிர் என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். முப்பது வருடத்துக்கு மேல் ஒரு பத்திரிகைக்குத் தீவுப்பகுதிச் செய்திகளை எழுதியவன் நான். வாயால் சொல்ல முடியாததை எழுதத்தான் எனக்கு வரும்.

விஷயம் இதுதான். போன ஆவணியில் நீ வந்தபோது, மியாலி உன் அம்மாவுக்கென்று ஒரு கத்தி கொடுத்துவிட்டாள் அல்லவா, வடதுருவப் பக்கத்து அவளுடைய இனுயிட் பெண்கள் பாவிக்கிற அந்த ஊலு, அது இப்போது நீ தந்தபடி இல்லை. அதைக் கெடுத்தவன் நான்.

முதலில் இருந்து சொல்கிறேன். கோயில் படியில் வழுக்கி அம்மாவின் வலது மணிக்கட்டு முறிந்ததால்தான் நீ அந்த முறை அவசரமாக வந்தாய். பத்து நாள் நின்றாய். வந்த அன்றே பெட்டியைத் திறந்து, சீல் என்கிற கடல் விலங்கின் தோலில் சுற்றிய பொட்டலத்தை எடுத்து, பிரித்து, அம்மாவிடம் நீட்டினாய். அம்மா மாவுக்கட்டுப் போட்ட கையையும் மற்றக் கையையும் சேர்த்துப் பின்னால் இழுத்தார்.

“கீழ வை, தம்பி. கத்தியைக் கைக்குக் கை குடுக்கிறேல்லை.”

“அம்மா, இது மியாலி தந்துவிட்டவள். பரிசு.”

“பரிசெண்டாலும் கத்தி கத்திதானே. கீழ வை. நான் எடுக்கிறன்.”

நீ மேசையில் வைத்தாய். கைக்குக் கை கொடுத்தால் பகை வரும் என்பது உனக்குத் தெரியாததல்ல. பதினைந்து வருடம் வெளியே இருந்ததில் மறந்திருப்பாய். அந்த நேரம் பார்த்துத்தான் மீன் கொண்டுவருகிற சிசிலியா அக்கா படலையைத் திறந்தவர். மேசையைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார்.

“மருமோள் மாமிக்குக் கத்தியோ அனுப்பினவள்? பிலோமினாக்கா, கவனம். இஞ்சத்தையான் ஆக்கள் சீலை குடுத்து மெல்ல மெல்லத்தான் வருவினம். அவையள் நேர விசயத்துக்கு வருகினம்.”

எல்லோரும் சிரித்தோம். நீயும் சிரித்தாய். ஆனால் அம்மா கத்தியை எடுக்கவில்லை. அடுத்த நாள் காலையில் நான்தான் அதைத் தோலில் சுற்றி அலுமாரியின் மேல்தட்டில் வைத்தேன். அது யாருடைய கத்தி என்று நீ சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வாழ்நாள் முழுவதும் மற்றவர்களைக் கேள்வி கேட்டுச் சம்பாதித்தவன், என் வீட்டு மேசைக்கு வந்த பொருளைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

வைக்கும்போது நன்றாகப் பார்த்தேன். அதை இப்போது எழுதிவைக்க வேண்டும், ஏனென்றால் அந்த உருவத்தில் அதை இனி யாரும் பார்க்கப்போவதில்லை. அலகு பிறை வடிவம். வளைந்த பக்கம்தான் வாய். மேல்பக்கத்தின் நடுவில் இருந்து விரலளவு அகலத்தில் ஒரு தண்டு எழும்பி, குறுக்காகக் கிடந்த கொம்புப் பிடிக்குள் போனது. இரண்டு ஆணிகள் அதை இறுக்கியிருந்தன. அலகின் ஒரு முகத்தில் மட்டும் தீட்டிய சாய்வு இருந்தது. மறுமுகம் தட்டை. ஒரு மூலையில் பழைய வாளின் இரண்டு பற்கள் அரைபட்டும் அழியாமல் தெரிந்தன, மரம் அரிகிற வாளைத்தான் வெட்டிச் செய்திருக்கிறார்கள். பிடி கறுத்து, நெய் ஊறி, நடுவில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. என் உள்ளங்கை அந்தப் பள்ளத்தில் பொருந்தவில்லை. சின்னக் கைக்கான பள்ளம் அது. இதைக் கவனித்தவன், அந்தச் சின்னக் கை யாருடையது என்று யோசித்திருக்க வேண்டும்.

நீ போனபின் மாவுக்கட்டை வெட்டினார்கள். எலும்பு பொருந்திவிட்டது, பிடிதான் வரவில்லை. அம்மாவால் கத்தியை இறுக்கிப் பிடிக்க ஏலாது. மீன் வெட்டுகிற வேலை எனக்கு வந்தது. இந்த வீட்டில் இருபத்தெட்டு வருடமாக மீன் வெட்டியவர் கதிரையில் இருந்து பார்க்க, நான் செதிலோடு போராடினேன். இரண்டாம் நாள் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

“இஞ்சருங்கோ, நீங்கள் மீனை வெட்டேல்லை. மீனை விசாரிக்கிறியள். அது செத்துப்போச்சு, இனி ஒண்டும் சொல்லாது.”

சிரித்தேன். ஆனால் அம்மா சொன்ன விதத்தில் சிரிப்பை விட வேறு ஒன்றுதான் கூட இருந்தது. தன் குசினியில் தனக்கு வேலை இல்லாமல் இருப்பது அவருக்கு அவமானமாகிக்கொண்டு வந்தது. அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. சந்தையில் மீன் வெட்டுகிறவர்களை நீ பார்த்திருப்பாய். பலகையில் அலகை நிமிர்த்தி நட்டு, பலகையைக் காலால் மிதித்துக்கொண்டு, மீனை இரண்டு கையாலும் பிடித்து அலகுக்கு எதிராகத் தள்ளுவார்கள். கத்தியைப் பிடிக்கத் தேவையில்லை, மணிக்கட்டும் தேவையில்லை. வீட்டில் பாவிக்காமல் கிடக்கிற ஒரு நல்ல அலகு இருக்கிறதே என்று நினைத்தேன். அம்மாவிடம் சொல்லாமல் ஊலுவை எடுத்துக்கொண்டு வேலணைக்கு, கொல்லர் சிவராசாவின் பட்டறைக்குப் போனேன்.

சிவராசா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“என்ன நிருபர் அண்ணை, இது பாக்கு வெட்டுறதோ?”

“கனடாக் கத்தி. மகன் கொண்டந்தவன்.”

“கனடாக்காரருக்குக் கத்தி தீட்டத் தெரியாது போல. ஒரு பக்கம் மட்டும்தான் பிடிச்சுக் கிடக்கு.”

அதற்கு நான் சொன்ன பதிலைச் சொல்லுக்குச் சொல் எழுதுகிறேன்: “அப்ப மற்றப் பக்கத்தையும் பிடிச்சு விடுமன்.” அவர் அரைகல்லில் பிடித்தார். நெருப்புப்பொறி பறந்தது. பிறகு ஆணிகளைத் தட்டிக் கழற்றி, பிடியை எடுத்து ஒரு பக்கம் போட்டு, தண்டை வேப்பம் பலகையில் இறக்கி ஆப்பு அறைந்தார். அரை மணி நேர வேலை. புறப்படும்போது அந்தக் கொம்புப் பிடி தரையில், இரும்புத் துண்டுகளுக்கு இடையில் கிடந்ததைக் கண்டேன். குனிந்து எடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அம்மாவுக்கு அது பிடித்தது. ஒருநாளும் வாயால் புகழாதவர், “நல்ல இரும்பு” என்றார். அன்றைக்கே ஒரு விளைமீனைத் தானே வெட்டி, தானே குழம்பு வைத்து, எனக்கு நடுத்துண்டைப் போட்டார். கத்தியைப் பற்றி அவருக்கிருந்த பயமும் போய்விட்டது. அது இப்போது மருமகள் தந்த கத்தியாக இல்லை, எங்கள் வீட்டுப் பலகையாகிவிட்டது. ஒரு கிழமை கழித்து நீ அழைத்தாய். “மியாலி கேக்கிறாள், அம்மா அந்தக் கத்தியைப் பாவிக்கிறாவோ எண்டு.” அம்மா கையில் இருந்த மீனைக்கூட வைக்காமல், “ஓம், ஒவ்வொரு நாளும் எண்டு சொல்லு” என்றார். பக்கத்தில் நின்ற நான் தலையாட்டினேன். ஒரு சொல்லும் பொய் இல்லை.

இந்த மாதிரியான உண்மையை எனக்கு நன்றாகத் தெரியும். முன்பு ஒருமுறை எழுவைதீவுக்குப் போன வள்ளம் ஒன்று நடுக்கடலில் நின்றுபோனது. “இயந்திரம் பழுதடைந்ததால் பயணிகள் அவதி” என்று எழுதினேன். இயந்திரம் பழுதடைந்தது உண்மை. ஏற்ற வேண்டியதை விடக் கூட ஆட்களை ஏற்றியதால்தான் பழுதடைந்தது என்பதும் எனக்குத் தெரியும். வள்ளக்காரர் எங்கள் சொந்தக்காரர். அதை விட்டுவிட்டேன். அந்தச் செய்தியில் பிழை என்று யாரும் ஒரு சொல்லைக்கூடக் காட்ட முடியாது. அதன்பின் அந்த வள்ளத்தில் ஆட்கள் ஏறுவதைப் பார்க்கும்போதெல்லாம் நான் வேறுபக்கம் பார்த்துக்கொண்டு நிற்பேன். மகன், கலியாணம் கட்டி வாழப்போகிறாய். பொய் சொல்வது பிழை என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. சரியான வசனங்களை மட்டும் சொல்லி ஒருவரை ஏமாற்ற முடியும் என்பதைத்தான் சொல்கிறேன். வீட்டுக்குள் அதுதான் கூட நடக்கும்.

தை மாதம் பழைய ஆசை ஒன்று எழுந்தது. ஊலுவைப் பற்றி ஞாயிறு இதழுக்கு ஒரு கட்டுரை எழுதலாம் என்று நினைத்தேன். வடதுருவத்துக் கத்தி ஒன்று தீவில் மீன் வெட்டுகிறது என்றால் வாசிப்பார்கள். மியாலியிடம் நேரம் கேட்டேன். எங்களுக்குப் பின்னேரம், அவளுக்கு விடியாத காலை. பதினான்கு கேள்விகள் எழுதிவைத்திருந்தேன். என்னுடைய ஆங்கிலத்தை அவள் பொறுமையாகக் கேட்டாள். கேள்வி முடிந்ததும் உடனே பதில் சொல்லமாட்டாள். திரையில் முகம் அசையாமல் நிற்கும், தொடர்பு அறுந்துவிட்டது என்று நினைப்பேன், அப்போது சொல்லத் தொடங்குவாள். என் வேலையில் அப்படி யோசித்துப் பதில் சொன்னவர்களை விரல்விட்டு எண்ணலாம்.

அவள் சொன்னதைக் குறிப்பேட்டில் இருந்து தருகிறேன். உனக்கு இதில் பாதி தெரிந்திருக்கும். தெரிந்ததை எல்லாம் நீ எனக்குச் சொன்னதில்லை. ஊலு பெண்ணின் கத்தி. பனிக்கட்டியை வெட்டுகிற நீளக் கத்தி ஆணுக்கு. அவளுடைய தாயிடம் நான்கு ஊலு இருந்தன. பெரியது சீல் விலங்கின் தோல் உரிக்க. அதைவிடச் சிறியது தோலின் உட்பக்கத்தில் இருக்கிற கொழுப்பை வழிக்க. மிகச் சிறியது காலணிக்குத் தோல் கத்தரிக்க, நூல் அறுக்க. நடுத்தரமானது எல்லாவற்றுக்கும்: மீன், இறைச்சி, வெங்காயம், பிள்ளைகளின் நெற்றி மயிர். சாப்பாட்டு நேரம் குசினித் தரையில் கடதாசிமட்டையை விரித்து, உறைந்த இறைச்சியை அதில் வைப்பார்கள். எல்லோரும் சுற்றி இருப்பார்கள். தாய் ஊலுவால் வெட்டி வெட்டித் தள்ளுவார். வயது போனவர்கள் இறைச்சியின் ஒரு முனையைப் பல்லால் கடித்துக்கொண்டு, உதட்டுக்கு முன்னால் ஊலுவால் அறுத்துச் சாப்பிடுவார்கள். மூக்கு வெட்டுப்படாதோ என்று கேட்டேன். இரண்டு மூன்று வயதில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு வெட்டுப்படாது என்றாள். நீ முதல் தடவை அப்படி முயன்று சொண்டில் கீறிக்கொண்டதையும் சொன்னாள். அதை நீ எங்களுக்குச் சொல்லவில்லை.

ஏழாவது கேள்வி: ஏன் ஒரு பக்கம் மட்டும் தீட்டுகிறீர்கள்? தன்னுடைய அம்மா அப்படித்தான் தீட்டுவா என்றாள். தட்டையான பக்கம் தோலோடு ஒட்டிப்போகும், கொழுப்பு வழியும், தோல் கிழியாது. ஒன்பதாவது கேள்வி: ஏன் கத்தியைப் பரிசாக அனுப்பினாய்? இந்தக் கேள்விக்கு நிறைய நேரம் எடுத்தாள். பிறகு சொன்னது இது. மாமிக்கு மணிக்கட்டு முறிந்துவிட்டது என்று நீ அழுதாயாம். அவளுடைய தாய்க்குக் கடைசி வருடங்களில் விரல் மூட்டுகள் வீங்கி, வேறு எந்தக் கத்தியையும் பிடிக்க முடியாமல் போனது. அந்த நடுத்தர ஊலுவை மட்டும் பிடித்தார். மற்றக் கத்திகளில் அலகு கைக்கு வெளியே நீண்டு நிற்கிறது, அதனால் மணிக்கட்டு வேலை செய்ய வேண்டும். ஊலுவில் அலகு பொத்திய கையின் நேர்கீழே இருக்கிறது. தோளில் இருந்து இறங்குகிற பாரம் நேரே வெட்டும். பிடியைத் தகப்பன், மனைவியின் உள்ளங்கையை அளந்து, மான்கொம்பில் செய்தவர். தாய் இறந்தபின் நான்கு ஊலுவும் பெண்பிள்ளைகளுக்குப் பிரிந்தன. இது மூத்தவளான மியாலிக்கு வந்தது. தாயின் பொருள் என்று அவளிடம் இருந்தது அது ஒன்றுதான்.

எழுதிக்கொண்டிருந்த பேனை நின்றுவிட்டது. அவள் அதைக் கவனிக்கவில்லை. சிரித்துக்கொண்டு, மாமி அதை எப்படிப் பிடிக்கிறா என்று காட்டுங்கள், சரியாகப் பிடிக்கிறாவா என்று பார்க்கிறேன் என்றாள். மகன், நான் சொன்னேன்: அம்மா வீட்டில் இல்லை. அந்த நேரம் அம்மா ஐந்தடி தள்ளிக் குசினிக்குள் தேங்காய் திருவிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. அவளுக்கும் கேட்டிருக்கும். பிறகு, பரவாயில்லை, இன்னொரு நாள் என்றாள். மிச்சம் ஐந்து கேள்விகளையும் நான் கேட்கவில்லை. கட்டுரையும் எழுதவில்லை.

அம்மாவிடம் அன்றைக்கே சொன்னேன். திருவலையில் இருந்து எழும்பாமல் முழுவதையும் கேட்டார். சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை. மூலையில் இருந்த பலகையைப் பார்த்தார்.

“நான் அதுக்கு மேல காலை வைச்சிருக்கிறன்,” என்றார். “ஒவ்வொரு நாளும். செத்த மனுசியின்ர கத்தி.”

“எனக்குத் தெரியாது, பிலோ.”

“தெரியாதெண்டா கேட்டிருக்கலாம். என்ர கத்தியைக் கடலில எறிஞ்சனீங்கள். அந்தப் பிள்ளையின்ர கத்தியைப் பலகையில அறைஞ்சனீங்கள். கத்தியில உங்களுக்கு என்ன கோவம்?”

அம்மா சொன்ன முதல் கத்தியைப் பற்றி உனக்குத் தெரியாது. நீ அப்போது நாலு வயதுப் பிள்ளை. சண்டைக்குப் பயந்து தீவை விட்டு எல்லோரும் வெளிக்கிட்ட அன்று, துறையில் வள்ளத்துக்குக் காத்து நின்றோம். அம்மாவின் கடகத்தில் இரண்டு சட்டி, உன்னுடைய உடுப்பு, ஒரு மீன் கத்தி. அது கலியாணம் கட்டி வரும்போது அவருடைய தாய் வீட்டில் இருந்து வந்தது. பக்கத்தில் நின்ற ஒருவர், அந்தக் கரையில் சோதிக்கிறார்களாம், கத்தி இருந்தால் பிரச்சினையாம் என்றார். யார் சோதிக்கிறார்கள், அவருக்கு யார் சொன்னது, எதையும் நான் கேட்கவில்லை. கத்தியை எடுத்துத் தண்ணீரில் எறிந்தேன். அம்மா உன்னைத் தூக்கி வைத்திருந்தார், கையை நீட்டித் தடுக்க முடியவில்லை. மறுகரையில் யாரும் சோதிக்கவில்லை. தங்கியிருந்த பள்ளிக்கூடத்தில் யாரோ மீன் கொடுத்தார்கள். அம்மா அதை ரின்மீன் பேணியின் தகர மூடியால் வெட்டினார். அவருடைய இடது பெருவிரலில் இருக்கிற தழும்பு அதுதான். நீ சின்ன வயதில் அதைத் தடவித் தடவி, என்னம்மா இது என்று கேட்பாய். ரின் வெட்டினது என்பார். அதுவும் உண்மையான வசனம். அம்மாவுக்கும் எனக்கும் நடுவில் அந்தக் கத்தி எவ்வளவு காலம் கிடந்தது என்று அன்று மாலைதான் எனக்குத் தெரிந்தது.

அடுத்த நாள் பலகையைத் தூக்கிக்கொண்டு வேலணைக்குப் போனேன். சிவராசா ஆப்பைத் தட்டி அலகை மெதுவாகக் கழற்றினார். அரைத்த பக்கத்தை ஒன்றும் செய்ய ஏலாது. போன இரும்பு போனதுதான். பிடி எங்கே என்று கேட்டேன்.

“பிடியோ? அந்த எலும்புத் துண்டோ? கனநாள் இதில கிடந்தது அண்ணை. பேந்து நாய் தூக்கிக்கொண்டு போட்டுது.”

“எந்த நாய்?”

“நாய்க்குப் பேர் எழுதி வைக்கிறனானோ?” என்றவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். “தேத்தண்ணிக் கடையடியில படுக்கிறது. ஒரு காது மடிஞ்சது. ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா நான் அதில கை வைச்சிருக்க மாட்டன் அண்ணை.”

“எனக்கும் தெரியாது.”

“அப்ப ஏன் கொண்டந்தனீங்கள்?”

மூன்று நாள் காலையில் அந்த நாயின் பின்னால் நடந்தேன். கடையில் இருந்தவர்கள், நிருபர் அண்ணைக்கு ஆக்கள் முடிஞ்சுபோச்சு, இப்ப நாயைப் பேட்டி எடுக்கிறார் என்றார்கள். மூன்றாம் நாள் கடைக்குப் பின்னால் உள்ள பற்றைக்குள், மாட்டெலும்புகளோடு அது கிடந்தது. இப்போது நீளம் மூன்றே கால் அங்குலம். முன்பு எவ்வளவு என்று நான் அளக்கவில்லை, ஆகவே சொல்ல மாட்டேன். ஒரு முனை கடித்துத் தின்னப்பட்டிருக்கிறது. எட்டுப் பல்லடையாளம் தெளிவாகத் தெரிகிறது. ஆணித்துளை ஒன்று இருக்கிறது, மற்றது இல்லை. நடுவில் இருந்த பள்ளம் முக்கால்வாசி தப்பியிருக்கிறது. சுண்டுவிரல் பக்கம்தான் போய்விட்டது. அம்மா இளஞ்சூட்டுத் தண்ணீரில் கழுவித் துடைத்து, அதே சீல் தோலில் வைத்திருக்கிறார். பனை வைரத்தில் அளவாக ஒரு பிடி செய்விக்கட்டோ என்று கேட்டேன். “ஒரு பிழைக்கு மேல இன்னொண்டை வைக்காதேங்கோ” என்றார். அலகு இப்போது பிடி இல்லாமல்தான் இருக்கிறது.

ஒன்று நடந்தது, அதையும் சொல்கிறேன். அது என் பிழையைக் குறைப்பதற்காக அல்ல, நடந்ததால். போன செவ்வாய்க்கிழமை சிசிலியா அக்கா நாலு ஓரா மீன் வைத்துவிட்டுப் போனார். அம்மா அலகின் தண்டில் பழைய சீலைத் துண்டைத் தடிப்பாகச் சுற்றினார். குசினித் தரையில் பலகை வைத்து, அதைக் கைக்குள் பொத்திப் பிடித்து, மியாலி சொன்னதாக நான் சொன்னபடி தோளால் அமத்தினார். அலகு பிறையாக உருண்டது. மீன் இரண்டாகியது. அம்மா கையை விரித்துப் பார்த்தார், மடக்கிப் பார்த்தார். “நோகேல்லை,” என்றார். இன்னொரு மீனை எடுத்து வெட்டிவிட்டு மறுபடியும், “நோகேல்லையப்பா.” நாலு மீனும் வெட்டி முடிந்தது. கத்தியைக் கழுவி வைக்கும்போதுதான் பார்த்தேன், கண் கலங்கியிருந்தது. அந்தப் பெண் தன் தாயின் நோவைப் பார்த்து, உன் தாயின் நோவுக்கு மருந்து அனுப்பியிருக்கிறாள். நாங்கள் முதலில் பகை வரும் என்று பயந்தோம். பிறகு தரமில்லாத கத்தி என்று திருத்தினோம். அது எதற்கு வந்தது என்று மட்டும் பார்க்கவில்லை.

உன்னிடம் கேட்பது இதுதான். இந்தக் கடிதத்தை அவளுக்கு மொழிபெயர்த்து வாசி. எங்கேயும் மெதுமையாக்காதே. வயது போனவர், தெரியாமல் செய்தார் என்று உன் பக்கத்தில் இருந்து ஒரு வசனமும் சேர்க்காதே. தெரியாமல்தான் செய்தேன், ஆனால் தெரிந்துகொள்ள எனக்கு ஐந்து மாதம் இருந்தது, தொலைபேசியும் இருந்தது. கூடவே மூன்று படங்கள் அனுப்புகிறேன். அலகின் இரண்டு முகங்கள், பிடி. பிடியின் படத்தை அவளுடைய தகப்பனுக்குக் காட்டுவதா இல்லையா என்பது அவளுடைய விஷயம். இரண்டையும் திருப்பி அனுப்பச் சொன்னால் அனுப்புகிறேன். உங்கள் வீட்டுப் படியை மிதிக்க மாட்டேன் என்று சொன்னால், சுவாமியிடம் நான் போய்ச் சொல்கிறேன், காரணத்தையும் சொல்கிறேன். அவளை வற்புறுத்தாதே. எங்களுக்காக அவளோடு சண்டை பிடிக்காதே. உன் வாழ்க்கையில் அவள் கொண்டுவந்து வைக்கிற பொருள், பழக்கம், மௌனம் எதையும், உனக்கு விளங்கவில்லை என்பதற்காகத் திருத்தப் போகாதே. முதலில் கேள். பதில் வரும்வரை பொறுத்திரு, அவள் யோசித்துத்தான் சொல்வாள். பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க என்னிடம் வேறு புத்திமதி இல்லை. இருந்தாலும் இந்த மாதம் சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

அம்மாவிடம் ஏதாவது எழுத வேண்டுமோ என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன். “அவள் வந்தா, அந்தக் கத்தியை நான் மேசையில வைக்கமாட்டன். கையிலதான் குடுப்பன். அவள் வைச்சிரு எண்டு திருப்பித் தந்தாலும் கையிலதான் வாங்குவன்.” பகை வருமென்றீரே என்று நினைவூட்டினேன். “வரவேண்டிய பகையை நீங்கள் எப்பவோ கொண்டந்திட்டியள். இனிக் கையில குடுத்தா என்ன, காலில குடுத்தா என்ன?” என்றார். அவள் கையை நீட்டுவாளா என்பது அம்மாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரியாததை எழுதக்கூடாது என்பது என் தொழில்.

இதை வாசித்துவிட்டு அவள் என்னோடு பேச விரும்பினால், எந்த நேரமும் அழைக்கலாம். அழைக்காவிட்டாலும் எனக்கு விளங்கும். அழைத்தால், உங்கள் ஊர்க் குளிரைப் பற்றிக் கேட்க மாட்டேன். தொலைபேசியைக் குசினிக்குள் கொண்டுபோய், அவள் அன்று காட்டச் சொன்னதைக் காட்டுவேன். அதற்கு முன் ஒரு வசனம் அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது: அன்று அம்மா வீட்டில்தான் இருந்தார்.

அப்பா